கூழ் நோட்டு எங்கடா பேராண்டி?

வாடா பேராண்டி, இப்படி திண்ணையில உக்காரு. வார்டு மெம்பருக்கு நிக்கப் போறேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்கியாம். தாத்தன்கிட்ட மட்டும் சொல்லல. பரவால்ல, டீக்கடையில சொன்னாங்க. பேனரையும் பார்த்தேன். கூலிங் கிளாஸ் போட்டுக்கினு தாமல் ஏரியையே மொறைச்சுப் பார்க்கற. அந்த ஏரிதான் பாவம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு வேட்பாளன் நிக்கறான்.

ஆமா, நீ உத்திரமேரூர் போயிருக்கியா? காஞ்சிபுரத்துல பஸ் ஏறினா ஒரு மணி நேரம். அங்க வைகுண்டப் பெருமாள் கோயில் செவுத்துல முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு ரெண்டு இருக்குது. ஒண்ணு 919ல வெட்டினது, இன்னொண்ணு 921ல. ஊர் வேலைக்கு எவன் வரலாம், எவன் வரக்கூடாதுன்னு அதுல இருக்குது. அந்த எழுத்து எனக்கு எங்க தெரியுது? படிச்சவங்க சொல்லக் கேட்டேன்.

முதல் கல்லுல வயசு 30லேர்ந்து 60 வரைக்கும். ரெண்டே வருஷத்துல அதை மாத்தி, 35லேர்ந்து 70ன்னு போட்டுட்டான். முப்பது வயசுக்காரன் எவனோ பேனர் வெச்சிருப்பான்போல, பயந்துட்டாங்க. உனக்கு 29. இப்போ 21 இருந்தாலே நிக்கலாங்கறாங்க, பொழச்சுப் போ.

ஊரை நம்ம வார்டு மாதிரி முப்பது குடும்பாப் பிரிச்சு, தகுதி இருக்கறவன் பேரை ஓலையில எழுதிக் கொடத்துல போடுவாங்க. ஒண்ணும் தெரியாத சின்னப் பையனை விட்டு ஒரு ஓலை எடுக்கச் சொல்லுவாங்க. அதை வாங்கறவர் ஊரே மதிக்கற நடுவர். அவரே அஞ்சு விரலையும் விரிச்சு, உள்ளங்கை தெரியற மாதிரிதான் வாங்கணும். ஏன்னு கேளு. விரலை மடக்கினா உள்ள இன்னொரு ஓலை இருக்கலாம் இல்ல? பெரிய மனுஷன் விரலையே நம்பல பாரு, அந்த ஊர்க்காரனை எனக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு.

இப்படித்தான் ஏரிக்குன்னே ஆறு பேர் வருவாங்க. ஏரி வாரியம்னு பேரு. ஒரு வருஷம் பார்த்துட்டு எறங்கிடணும். அப்புறம் மூணு வருஷம் கிட்டயே வரக்கூடாது. திருடினவன், கள்ளக் கையெழுத்துப் போட்டவன், கழுதை மேல ஏறி ஊர்வலம் போனவன், யாருக்கும் எடம் கெடையாது.

அந்தக் கல்லையும் ரொம்பத் தூக்கி வெச்சு ஆடாத. நெலமும் வேதப் படிப்பும் இருக்கற ஆம்பளைக்குத்தான் கொடத்துல ஓலை. உன் பாட்டிக்கு இல்ல, தறிக்குழியில காலைத் தொங்கப் போட்ட எனக்கும் இல்ல. அந்த மட்டுக்கும் இந்தக் காலமே மேல்.

இப்போ உன் விஷயத்துக்கு வரேன். முன்னாடி வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் நிக்கக் கூடாதுன்னு வெட்டியிருக்கான். அவன் மட்டும் இல்லடா! அவன் அப்பன், புள்ள, அண்ணன் தம்பி, சித்தி பெரியம்மா புள்ளைங்க, அத்தை மாமன் புள்ளைங்க, மாமனார், மச்சான், மருமகன், ஒருத்தனும் நிக்க முடியாது. ஒருத்தன் அமுக்கினா வூடே வெளிய. அப்புறம் எந்தப் பொண்டாட்டி, எந்த மாமியா சும்மா இருப்பா? போலீசே வேணாம்.

நானும் அந்தப் பட்டியலை வெரல் வுட்டு எண்ணிப் பார்த்தேன். தாத்தன் மட்டும் இல்ல. சோழ ராஜா நமக்குன்னு ஒரு சந்து வுட்டிருக்கான்னு சிரிச்சுக்கினேன். அப்புறந்தான் 70 ஞாபகம் வந்துது. எனக்குத்தான் 74 ஆவுதே.

இப்போவும் கேக்கறாங்க. எம்.எல்.ஏ., எம்.பி.க்கு நிக்கறவன் தன் மேல இருக்கற கேசையெல்லாம் பிரமாணப் பத்திரத்துல எழுதித் தரணும். சுப்ரீம் கோர்ட்டு 2002லயும் 2003லயும் சொன்னது. எழுதறான். நாம அதைப் படிக்காமலே போயி ஓட்டுப் போட்டுட்டு வரோம். அவனை மட்டும் வையறது என்ன நியாயம்?

யோக்கியன் மாதிரி பேசறானேன்னு பார்க்காத. தறி ஓட்டின காலத்துல, எடை போட்டுக் குடுத்த ஜரிகையில கொஞ்சம் மிச்சம் புடிச்சு மடியில சொருவிக்கினு வந்தேன். வெள்ளிச் சரடு, உள்ள செவப்புப் பட்டு, மேல தங்கம். சுரண்டினா செவப்பு தெரியும், அதான் அசல். உன் பாட்டி அதைச் சுரண்டல, என்னைத்தான் சுரண்டினா. ராத்திரி சோறு போடல. விடியக்காலையில எடுத்துக்கினு போயி மொதலாளி தராசுல வெச்சுட்டு வந்தேன். அவர் ஒண்ணும் கேக்கல. அதுதான் ரொம்ப வலிச்சுது.

போன ஆடியில கூழ் ஊத்த நூறும் இருநூறுமா வூடு வூடா வாங்கினியே, அந்தக் கணக்கு நோட்டு எங்கடா? கேவுரு எத்தினி மூட்டை, மைக் செட்டுக்கு எவ்ளோ, மிச்சம் எவ்ளோ? நீ எடுத்தன்னு நான் சொல்லல. ஊரும் சொல்லல. கிராம சபையில நாளைக்கு நீ பஞ்சாயத்துக் கணக்கைப் பத்திப் பேசறப்ப, எதிர்ல உக்காந்திருக்கற பொம்பளைங்க அந்தக் கூழைத்தான் நெனைப்பாங்க.

பேனரைக் கழட்ட வேணாம். வெள்ளிக்கெழம காலையில நோட்டை எடுத்துக்கினு அம்மன் கோயில் வாசலுக்கு வந்துடு. தொலைஞ்சு போச்சுன்னா, தொலைஞ்சு போச்சுன்னு அங்க வந்து சொல்லு. கண்ணாடியை நான் கொண்டாறேன். வெரலை மட்டும் விரிச்சு வெச்சுக்கினு வா.