மூன்றில் ஒரு பங்கு

அரசாங்க உத்தியோகத்தில் 58 வயது பூர்த்தியாகி, 2020ஆம் வருஷம் மே மாதக் கடைசியில் நான் வீட்டோடு வந்து சேர்ந்திருக்க வேண்டியவன். ஊரடங்கை முன்னிட்டு மாலையும் பொன்னாடையும் இல்லாமலே வீடு திரும்ப மனத்தைத் தேற்றிக்கொண்டிருந்த சமயத்தில், அதே மாதத்தில் ஓய்வு வயதை 59 ஆக்கி உத்தரவு வந்தது. அடுத்த வருஷம் மறுபடியும் ஆயத்தமானேன். பிப்ரவரியிலேயே அது 60 ஆயிற்று. இவ்விரண்டு உத்தரவுகளையும் எனக்குச் சம்பளம் நீண்ட சங்கதியாகப் பாவித்து நண்பர்கள் வாழ்த்தினார்கள். உண்மையில் அவை என் மனைவிக்குக் கிடைத்த கால நீட்டிப்பு என்பது, 2022 மே 31ஆம் தேதி மாலையும் கழுத்துமாக வீடு வந்து சேர்ந்து ஒரு வாரம் ஆவதற்குள் எனக்கு விளங்கிவிட்டது.

முப்பத்தாறு வருஷங்கள் பிறர் எழுதிய குறிப்புகளில் பிழை கண்டு, ஓரத்தில் பச்சை மையால் கேள்விக்குறி போட்டு, வந்த வழியே திருப்பி அனுப்பிக் கொண்டிருந்த ஒரு மனிதனுக்கு, திடீரென்று ஒரு நாள் காலையில் பிழை காண்பதற்கு ஒன்றுமே இல்லாமற் போய்விட்டால் அவன் கண் எங்கே போகும்? சமையலறைக்குத்தான் போகும். முதல் பார்வையிலேயே அஞ்சறைப் பெட்டி என் சிரத்தையைக் கவர்ந்தது. ஒரு கிண்ணத்திலும் பெயர்ச்சீட்டு இல்லை. வைப்புமுறையிலும் யாதொரு நியாயமும் இல்லை. மனைவி கோயிலுக்குப் போயிருந்த சாவகாசத்தில் உளுந்து, கடுகு, சீரகம், மஞ்சள், மிளகு, வெந்தயம் என்று அகரவரிசைப்படி எல்லாவற்றையும் மாற்றி வைத்து, சீட்டும் ஒட்டினேன். ஆனால் அந்தப் பெட்டியை அவள் கண்ணால் அல்ல, விரலால் படிப்பவள் என்பதையும், அவ்விரல்களுக்குச் சீட்டுப் படிக்கத் தெரியாது என்பதையும் நான் ஆலோசிக்கவில்லை. அன்றிரவு ரசத்தில் சீரகம் போக வேண்டிய இடத்தில் ஒரு கை வெந்தயம் போயிற்று. இருவரும் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டோம்.

மறுநாள் காலைக் காப்பியோடு ஒரு பிளாஸ்டிக் ஒயர் கட்டும் என் முன்னால் வைக்கப்பட்டது.

"இது என்ன?"

"கூடை போடுங்க. சொல்லித் தரேன். சமையல்கட்டுப் பக்கம் மட்டும் வராதீங்க."

ஒயர்க்கூடையில் அவள் பண்டிதை. சாதா முடிச்சு மட்டுமன்றி, சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் ஆகிய சகல பின்னல்களும் அவளுக்குக் கைவந்தவை. 1988இல் புகுந்த வீட்டுக்கு வரும்போது தன் கையால் போட்டுக் கொண்டுவந்த பச்சைக் கூடைதான் இன்றைக்கும் எங்கள் ரேஷன் கடைக்குப் போய் வருகிறது. 2019 ஜனவரி முதல் தேதியன்று, ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தபோது, ஊரே துணிப்பையைத் தேடி ஓடிற்று. அவளோ, முப்பது வருஷமாக எறியப்படாத ஒரு பிளாஸ்டிக்கைக் கையில் மாட்டிக்கொண்டு, எந்த உத்தரவாலும் பாதிக்கப்படாதவளாய்க் காய்கறிக் கடைக்குப் போனாள்.

எனக்குக் கொஞ்சம் மானக்கேடாகத்தான் இருந்தது. நாங்கள் இருப்பது கும்பகோணம். ஒரு பக்கம் சுவாமிமலையில், தேன்மெழுகிலே உருவம் சமைத்து, அதன்மேல் மண் பூசி, காய்ச்சி மெழுகை வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை வார்த்து ஸ்தபதிகள் நடராஜரை நிற்க வைக்கிறார்கள். இன்னொரு பக்கம் நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்க்கிறார்கள். திருபுவனத்தில் பட்டு நெய்கிறார்கள். இத்தகைய கலாக்ஷேத்திரத்தின் நடுமத்தியில், பென்ஷன் வாங்கும் ஒருவன் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து கிளிப்பச்சை ஒயரோடு மல்லாடுவது போகிறவர் வருகிறவர் கண்ணில் எப்படிப்படும்? ஆகவே முதல் நான்கு நாட்கள் கதவைச் சாத்திக்கொண்டே பயின்றேன்.

முடிச்சுப் போடுவதில் எனக்கு அநுபவம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் உத்தியோகத்தில் நான் போட்டவையெல்லாம் பிறர் அவிழ்க்க வேண்டிய முடிச்சுகள். இது வேறு ஜாதி. இரண்டு ஒயர்களை எதிரெதிராக மடித்து, ஒன்றின் வளைவுக்குள் மற்றதை நுழைத்து, கடைசி முனையை முதல் வளைவின் வழியாக வெளியே இழுத்து, நான்கு பக்கமும் ஒரே சீராக இறுக்கினால், நான்கு சிறு கட்டங்கள் சேர்ந்த ஒரு சதுரம் விழ வேண்டும். எனக்கு விழுந்ததைச் சதுரம் என்று சொல்வது க்ஷேத்திர கணிதத்துக்கு அபசாரம். மனைவி அதை வாங்கிப் பார்த்து, ஓர் இழுப்பு இழுத்தாள். முழுவதும் அவிழ்ந்து நேர் ஒயராகி அவள் கையில் தொங்கியது. ஒரு கேள்விக்குறி கூடப் போடாமல் ஒரு கோப்பைத் திருப்பி அனுப்ப முடியும் என்பதை அன்றுதான் கண்டேன்.

ஐந்தாம் நாள் சதுரம் சதுரமாகவே விழுந்தது. அந்தச் சந்தோஷத்தில் கதவைத் திறந்துவிட்டேன். பிறகு கூடைக்கு ஒயர் வெட்டும் கட்டம் வந்தது. "ஒவ்வொண்ணும் ஆறு முழம் வெட்டுங்க" என்று அவள் சொல்லிவிட்டு உள்ளே போனாள். இந்த இடத்தில்தான் என் பூர்வ வாசனை தலைதூக்கிற்று. எந்த மதிப்பீடு வந்தாலும் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தே சிபாரிசு செய்வது என் உத்தியோக தர்மம். கேட்பவன் கூட்டித்தான் கேட்பான் என்பது அந்தத் தர்மத்துக்கு ஆதாரமான சித்தாந்தம். ஆறு முழத்தை நான்கு முழமாக்கி, அத்தனை ஒயரையும் வெட்டி முடித்து, மிச்சம் பிடித்த கட்டைப் பெருமிதத்தோடு அலமாரியில் வைத்தேன்.

அடிப்பகுதி வெகு நேர்த்தியாக அமைந்தது. மேலே திருப்பிச் சுற்றுச் சுற்றாக ஏற்றும்போதும் குறை ஒன்றும் தெரியவில்லை. மாலை நேரத்தில் இரண்டு சுற்று, அதிகாலையில் ஒரு சுற்று என்று நான் போய்க்கொண்டிருந்த வேகத்தைப் பார்த்து, "2028 மகாமகத்துக்குள்ள முடிஞ்சிடுமா?" என்று மட்டும் அவள் விசாரித்தாள். மகாமகம் வரை காத்திருக்க நேரவில்லை. ஆறாவது சுற்றில் ஒயர் தீர்ந்துபோயிற்று. நுனிகளை உள்ளே செருகுவதற்கு எப்படியோ விரற்கடை அளவு மிஞ்சியதால் அவிழாமல் தப்பியது, கைப்பிடியும் போட்டாகிவிட்டது. கூடை என்று நான் சமர்ப்பித்த பொருளை அவள் தூக்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"எத்தனை முழம் வெட்டினீங்க?"

சொன்னேன்.

"கூடைன்னு நெனச்சேன். இது கைப்பிடி வெச்ச தாம்பாளம்."

என்றாலும் அதை அவள் எறியவில்லை. வெள்ளிக்கிழமையன்று தேங்காய், பழம், வெற்றிலை, பூ எல்லாவற்றையும் அதில் அடுக்கிக்கொண்டு கும்பேசுவரர் கோயிலுக்குப் போனாள். ஆழம் இல்லாததால் ஒன்றும் நசுங்கவில்லை. கையை விட்டுத் துழாவ வேண்டிய அவசியமும் இல்லை. சந்நிதியிலேயே எதிர்வீட்டு அம்மாள் பார்த்துவிட்டாள். இந்த மாதிரி அர்ச்சனைக் கூடை எந்தக் கடையில் கிடைக்கிறது என்று அவள் கேட்க, "வீட்டிலேயே ஆள் இருக்கு" என்று என் மனைவி பதில் சொல்லி, இரண்டு கூடைகளுக்கு ஆர்டரோடு திரும்பி வந்தாள்.

முன் செய்த தவற்றைத் திருத்திக்கொள்ளும் நல்ல புத்தியோடு, இம்முறை ஒயர்களை ஆறு முழமாகவே வெட்டி, பத்து நாட்கள் பாடுபட்டு, சர்வ லக்ஷணமும் பொருந்திய உயரமான கூடை ஒன்றைப் பின்னி அனுப்பினேன். அன்று மாலையே அது திரும்பி வந்தது. "முன்னாடி போட்ட மாதிரி சரியா போடச் சொல்லுங்க அக்கா. இது ரொம்ப ஆழமாப் போயிடுச்சு" என்று எதிர்வீட்டு அம்மாள் என் மனைவியிடம் சொன்னது, கூடத்தில் இருந்த என் காதிலும் விழுந்தது. ஒரு பிழையைத் தெரியாமல் செய்வது எவர்க்கும் சாத்தியம். அதையே அளவு பிசகாமல் இரண்டு தரம் செய்வதற்குத்தான் சாமர்த்தியம் வேண்டும். மீண்டும் நான்கு முழத்துக்கு வந்தேன். கூலியாக வந்த பணத்தை மேற்பார்வைக் கட்டணம் என்று மனைவி எடுத்துக்கொண்டாள். எனக்கு ஒரு கட்டு ஆரஞ்சு நிற ஒயர் கிடைத்தது.

இதில் அப்படி என்ன சுகம் என்று என்னோடு ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். முப்பத்தாறு வருஷங்களில் என் மேசையைத் தாண்டிப் போன காகிதங்களுக்குக் கணக்கில்லை. ஆனால் கீழே ஒருவர் எழுதி, நான் திருத்தி, மேலே ஒருவர் ஒப்பமிட்ட அவற்றில் ஒன்றையாவது, முதலிலிருந்து கடைசி வரை இது என்னுடையது என்று சுட்டிக்காட்ட என்னால் ஆகாது. கூடை அப்படியல்ல. தரையில் வைத்தால் நிற்கிறது. நான்கு தேங்காய் வைத்தால் தாங்குகிறது. கோணல் இருந்தால் அந்தக் கோணலும் என்னுடையதே. இவ்வளவையும் நண்பரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, "பொழுது போகிறது" என்று மட்டும் சொன்னேன். அவர் போகும்போது கட்டு ஒன்று என்ன விலை என்று மெல்லக் கேட்டுக்கொண்டு போனார்.

ஆகையால், இந்த வருஷமோ அடுத்த வருஷமோ மாலையும் கழுத்துமாக வீடு திரும்பவிருக்கும் அன்பர்களுக்கு இரண்டே விண்ணப்பங்கள். வீட்டில் இருக்கும் அஞ்சறைப் பெட்டியைத் தயவுசெய்து தொடாதீர்கள். ஒயர் வெட்டச் சொன்னால், சொன்ன அளவுக்கே வெட்டுங்கள். எதிர்வீட்டு அம்மாள் எல்லார்க்கும் வாய்க்கமாட்டாள்.