மலை ஒயின் இயல்

ஒயின் செய்ய ஒயின் தெரிந்திருக்க வேண்டுமா என்ற ஐயத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். வேண்டியதில்லை. சான்று கலிபோர்னியாவில், சாந்தா குரூஸ் மலைத்தொடரின் மேல் இருக்கிறது. நிறுவனத்தின் பெயர் ரிட்ஜ். அதன் தலைத்தோட்டம் மான்டே பெல்லோ. 1,300 அடி உயரத்தில் தொடங்கி 2,700 அடி வரை ஏறும் திராட்சைத் தோட்டம். அஞ்சல் முகவரி கூப்பர்டினோ, அதாவது ஆப்பிள் கம்பெனியின் ஊர். ஒயினை 'ஒயின் ஷாப்' பெயர்ப்பலகையில் மட்டுமே கண்டிருக்கும் வாசகர்களும் மேலே படிக்கலாம். முன்னறிவு தேவைப்படாத துறை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

1885இல் இங்கே 180 ஏக்கர் வாங்கி, சரிவைப் படிகளாக வெட்டிக் கொடி நட்டவர் ஓசியா பெரோனி. சான் பிரான்சிஸ்கோ இத்தாலியரிடையே பேர்பெற்ற டாக்டர். முதல் ஒயின் 1892இல் வந்தது. பிறகு 1920இல் அமெரிக்கா மதுவிலக்கு என்னும் பரிசோதனையில் இறங்கி 1933இல் கரையேறியது. பெரோனி நிலத்துக்குச் சற்றுக் கீழே பாழாய்க் கிடந்த தோட்டத்தை 1940களில் வாங்கி, கபர்னே சாவின்யோன் கொடிகளை நட்டவர் வில்லியம் ஷார்ட் என்ற இறையியலாளர். அவரிடமிருந்து 1959இல் வாங்கியவர்கள் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் நால்வர். (நால்வர் என்றதும் வாசகர் கைகூப்ப வேண்டாம்.) அவர்களில் சார்லஸ் ரோசன் பின்னாளில் 'ஷேக்கி' என்ற ரோபோவை உருவாக்கிய குழுவுக்குத் தலைவர். யோசித்து நகரும் இயந்திரத்துக்கு வாரநாட்கள், யாரும் யோசிக்காமலே புளிக்கும் சாற்றுக்குச் சனி ஞாயிறு என்று வகுத்துக்கொண்டார் போலும். 1969இல் ஒயின் பொறுப்பை ஏற்ற பால் டிரேப்பர் படித்தது தத்துவம். 1986இல் முழுவதையும் வாங்கியது ஜப்பானின் ஒட்சுகா மருந்துக் கம்பெனி. வியர்த்தவர்கள் குடிக்கும் 'பொக்காரி ஸ்வெட்' அவர்களுடைய தயாரிப்புதான். உடம்பின் நீரை இறக்கும் பானம், ஏற்றும் பானம் இரண்டையும் ஒரே குடும்பத்தில் வைத்துக்கொள்வதைத் தொலைநோக்கு என்றே சொல்ல வேண்டும்.

இத்தனை பேரும் வேறு வேலைக்காரர்களாயிருக்க ஒயின் எப்படித் தேறியது எனின், மலை தேற்றியது என்க. கீழே பள்ளத்தாக்கில் கொழுத்த மண். கணினி வருமுன் அங்கே பிளம்ஸும் ஆப்ரிகாட்டும் காய்த்துக் குலுங்கின. மேலே மெல்லிய மண், அதனடியில் வெடித்த சுண்ணாம்புப் பாறை. வசதியுள்ள கொடி இலை விட்டுப் பெருகும். வசதியில்லாதது பழத்தில் கவனம் வைக்கும். பெற்றோர் சிலர் இதைப் பிள்ளைகளிடம் சொல்லிக்காட்டக்கூடும். பழம் சிறுக்கச் சிறுக்கச் சாற்றுக்குத் தோல் விகிதம் கூடும். நிறமும் துவர்ப்பும் தோலில்தான் இருக்கின்றன. பசிபிக் கடல் பக்கத்திலேயே இருந்து குளிர்விப்பதால் பழம் அவசரமின்றிக் கனிகிறது, புளிப்பும் தங்குகிறது.

இனி கைவினை. கை பறிக்கிறது, அதில் ஐயமில்லை. தொட்டியில் சாறு புளிக்கத் தொடங்கியதும் தோல்கள் பொங்கி மேலேறித் தடித்த ஆடையாக நிற்கும். அடிச்சாற்றை எடுத்து அந்த ஆடையின் மேல் ஊற்றி நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். எப்போது நிறுத்துவது என்பதை நாக்கு சொல்லும். நுரைமம் (ஈஸ்ட்) கடையில் வாங்கியதல்ல; தோட்டத்திலும் ஒயின் சாலையிலும் தானே குடியிருப்பது. பிறகு ஓக் பீப்பாயில் மாதக்கணக்கில் கிடத்தி, ஆவியாகிப் போன அளவை அவ்வப்போது நிரப்ப வேண்டும். ஒவ்வொரு துண்டு நிலத்துச் சாறும் தனித்தனியே புளிக்கும். எது எந்த நிலம் என்று தெரியாதபடி வைத்துச் சுவைத்த பிறகே மான்டே பெல்லோ என்ற பெயருக்குரியதைத் தேர்கிறார்கள். ஆக, கை பெரும்பாலும் கட்டிக்கொண்டுதான் நிற்கிறது. தத்துவம் படித்தவர்களுக்கு இது எளிதாக வரும்.

2011 அறுவடையிலிருந்து ரிட்ஜ் இன்னொன்றும் செய்தது. சேர்மானங்களை லேபிளில் அச்சிட்டது. அமெரிக்கச் சட்டம் அறுபதுக்கும் மேற்பட்ட பொருள்களை ஒயினில் சேர்க்க இடம் தருகிறது. கந்தக எச்சரிக்கை போன்ற சிலவற்றைத் தவிர எதையும் சொல்லச் சொல்வதில்லை. இந்தச் சூழலில் 'திராட்சை' என்று முதல் வரியிலேயே ஒப்புக்கொள்வதற்குத் தைரியம் வேண்டும்.

1976இல் பாரிஸில் பிரெஞ்சு நடுவர்கள் கண்கட்டுச் சோதனையாகப் பிரெஞ்சு, கலிபோர்னிய ஒயின்களைச் சுவைத்தார்கள். சிவப்பில் கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் முதலிடம். 1971 ஆம் ஆண்டு மான்டே பெல்லோவுக்கு ஐந்தாமிடம். கலிபோர்னியச் சரக்கு நாள்பட நிற்காது என்று பிரெஞ்சுத் தரப்பு ஆறுதல் கூறிக்கொண்டது. 2006இல் அதே சிவப்பு ஒயின்களை மறுபடி திறந்தார்கள். மான்டே பெல்லோ முதலிடம். இடைப்பட்ட 30 ஆண்டுகளில் முன்னேற்றத்துக்காக அது மேற்கொண்ட ஒரே முயற்சி, புட்டியில் படுத்திருந்தது.

அங்கே போக விரும்புவோர்க்கு ஒரு வார்த்தை: மலைச்சாலை குறுகல், கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஓட்டுநர் சுவைத்துவிட்டுத் துப்பிவிட வேண்டும். அதற்கென்று கேட்டால் பாத்திரம் தருவார்கள்.