தொட்டால் குற்றம்: நெதர்லாந்திலிருந்து ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

ஆணும் பெண்ணும் ஒரே அணியில் சேர்ந்து ஆடுவது முறையாகாது என்று தாங்கள் நெடுங்காலமாகக் கொண்டிருக்கும் கருத்தை முன்னிட்டு, நெதர்லாந்து மக்கள் நூறாண்டுகளுக்கும் மேலாக அவ்வாறே ஆடிவரும் கோர்ஃப்பால் என்னும் விளையாட்டைப் பற்றிச் சில செய்திகள் இங்கே எழுதப்படுகின்றன. ஆம்ஸ்டர்டாம் பள்ளி ஆசிரியர் நிக்கோ புரூக்ஹாய்சன், ஸ்வீடனில் கண்ட வளையப்பந்து ஆட்டம் ஒன்றைத் தம் மாணவ மாணவியருக்கு ஏற்பத் திருத்தி 1902இல் இதனை உருவாக்கினார். 3.5 மீட்டர் உயரக் கம்பத்தின் உச்சியில், பின்பலகையோ அடிப்பாகமோ இல்லாத கூடை ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதற்குள் பந்தை எறிய வேண்டும். அணிக்கு நான்கு ஆண்கள், நான்கு பெண்கள். களத்தின் ஒவ்வொரு பாதியிலும் இரு ஆண்களும் இரு பெண்களுமாக அவர்கள் நிற்பர்.

தாங்கள் அஞ்சும் உடல் தீண்டலைப் பொறுத்தவரை, கபடியில் தொட்டால் புள்ளி, இதிலோ தொட்டுத் தள்ளினால் குற்றம். அதோடு, ஆண் எறிவதை ஆண் மட்டுமே தடுக்கலாம், பெண் எறிவதைப் பெண் மட்டுமே தடுக்கலாம் என்பது விதி. தாங்களே திண்ணையில் அமர்ந்து எழுதியிருந்தாலும் இவ்வளவு கண்டிப்பாக எழுதியிருப்பீர்களா என்பது ஐயமே.

எனினும் இந்த ஆட்டத்தின் நியாயம் அந்தப் பிரிவினையில் மட்டும் இல்லை. எதிராளி கையெட்டும் தொலைவில், எறிபவரை நோக்கியபடி, அவரைவிடக் கம்பத்துக்கு அருகில் நின்று பந்தைத் தடுக்க முயலும்போது எறிந்தால், பந்து கூடைக்குள் விழுந்தாலும் கணக்கில் சேராது என்பதால், நெட்டையர் தம் உயரத்தை மட்டும் நம்பிப் பயனில்லை, ஓடி விலகி ஆளற்ற இடத்தைத் தேடியாக வேண்டும். பந்தைத் தட்டிக்கொண்டோ ஏந்திக்கொண்டோ ஓடவும் கூடாதாகையால், முரடர் ஒருவர் தனியாகக் களத்தை உழுதுவிட முடியாது. இரண்டு கோல் விழுந்ததும் தாக்குவோர் காப்போராகவும் காப்போர் தாக்குவோராகவும் மாறுவதால், பெண்களைக் காவலுக்கு நிறுத்திவிட்டு ஆண்கள் புகழ் தேடும் வழக்கத்துக்கும் இடமில்லை. வேறு நாடுகளின் பொழுதுபோக்குக் கலப்பு அணிகள் சிலவற்றில் பெண் அடிக்கும் கோலை இரண்டாகக் கணக்கிடுவதுண்டு. அது மரியாதையா இரக்கமா என்பதை அதைப் பெறும் பெண்ணிடம்தான் கேட்க வேண்டும்.

விதி இவ்வாறிருக்க, சனிக்கிழமைப் பொழுதுபோக்கு ஆட்டங்களில் முழங்கைகள் புத்தகம் படித்துவிட்டு வருவதில்லை. கூடைக்குள் விழாமல் திரும்பும் பந்துக்காகக் கம்பத்தடியில் நடக்கும் நெருக்கடியில், ஆணும் ஆணும் மோதுவதைவிடப் பெண்ணும் பெண்ணும் மோதுவதே பெரும்பாலும் பலமாக இருக்கிறது. கோல் வாய்ப்பு அதனால் பறிபோனால் கம்பத்திலிருந்து 2.5 மீட்டர் தொலைவில் தண்ட எறிதல் தரப்படும். அதை எறிபவரை யாரும் தடுக்கக் கூடாது. ஆட்டம் முடிந்ததும் இரு அணியினரும் சங்கத்தின் சிற்றுண்டிச்சாலையில் கூடி, பிட்டர்பாலன் எனப்படும், உள்ளே கொதிக்கும் இறைச்சிக் குழம்பை அடைத்துப் பொரித்த உருண்டைகளைத் தின்பர். நாக்கைச் சுடுவதில் அவை ஆண், பெண் பேதம் பார்ப்பதில்லை.

பாலினங்களுக்கிடையே இத்தனை நியாயம் காட்டும் இவ்வாட்டம் நாடுகளுக்கிடையே அதைக் காட்டவில்லை: 1978இல் தொடங்கிய உலகப் போட்டியில் 1991இல் பெல்ஜியம் வென்றது நீங்கலாக, 2023 வரை ஒவ்வொரு முறையும் வெற்றி நெதர்லாந்துக்கே. தங்கள் தம்பி மகள் சென்ற மாதம் இங்குள்ள சங்கம் ஒன்றில் சேர்ந்து, கூடைக்கு எறியும் பயிற்சி பெற்று வருகிறாள் என்பதும் பணிவுடன் தெரிவிக்கப்படுகிறது.

இப்படிக்கு,
தங்கள் தம்பி மகள்