காலித் தோட்டாவும் ஹார்லிக்ஸ் பாட்டிலும்: ஒஹாயோவிலிருந்து தொம்மலூருக்கு

ஷாட்கன் தோட்டாவுக்குள் ரவைகளுக்குப் பதிலாக வைக்கும் ஒற்றைக் காரீயக் குண்டுக்கு ஸ்லக் என்று பெயர். பன்னிரண்டு போர் (bore) துப்பாக்கியின் ஸ்லக் பெரும்பாலும் ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் இருக்கும். பெங்களூருவின் தொம்மலூர் நகைக்கடைக் கணக்கில் மூன்றரைப் பவுன். போர் என்ற எண்ணும் எடையிலிருந்து வந்ததுதான். குழலின் வாய்க்குப் பொருந்தும் காரீய உருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. அதனால் அது பன்னிரண்டு போர். எண் ஏற ஏறக் குழல் சிறுக்கும்.

இந்தக் குண்டுக்கு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் மவுசு வந்ததற்குக் காரணம் அங்குள்ள சமதரை. ரைபிள் குண்டு மானைத் தவறவிட்டால் எங்கோ தொலைவில் யார் வீட்டுக் கொட்டகையையாவது போய்த் தட்டும். கனத்த ஸ்லக் சீக்கிரம் வேகம் குறைந்து தரையில் விழுந்துவிடும். அதனால் மான் வேட்டைக்கு வெகுகாலம் ஷாட்கன்தான் விதி; குறிப்பிட்ட சில ரைபிள்களுக்கு அனுமதி கிடைத்தது 2014இல். துப்பாக்கிப் பருவம் நன்றி நவிலல் நாளுக்கு அடுத்த திங்கட்கிழமை தொடங்கும். அந்த வாரம் அலுவலகத்தில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் வரும். குண்டின் வடிவத்துக்கு வருவோம்: ஜெர்மனியின் வில்ஹெல்ம் பிரென்னக்கே 1898இல் ஒரு ஸ்லக்கை வடிவமைத்தார். அமெரிக்கரான கார்ல் ஃபாஸ்டர் 1931இல் இன்னொன்றைச் செய்தார். ஃபாஸ்டருடையது முன்பக்கம் கனம், பின்பக்கம் குடைவு. இறகுப்பந்து எப்படி அடித்தாலும் தலையை முன்னே நீட்டிக்கொண்டு போகிறதே, அதே சங்கதி.

சுட்டு முடித்த தோட்டாவின் உறையை அங்கே பலர் தூக்கிப் போடுவதில்லை. தொம்மலூர்ச் சமையலறையில் காலி ஹார்லிக்ஸ் பாட்டில் எந்த நியாயத்தால் கடலைப்பருப்பு டப்பாவாகிறதோ, அதே நியாயத்தால் காலி உறை மறுபடி தோட்டாவாகிறது. இதற்கென்று கைப்பிடி வைத்த சிறு அழுத்து இயந்திரங்கள் உண்டு. பார்வைக்கு இடியாப்ப உரலின் ஒன்றுவிட்ட அண்ணன். உறையின் அடியில் பற்றவைக்கும் கேப் வெடித்திருக்கும்; அதைத் தட்டி எடுத்து, புதியதைப் பதித்து, வெடிமருந்தை அளந்து கொட்டி, பிளாஸ்டிக் தக்கையையும் குண்டையும் இறக்கி, உறையின் வாயை மடித்து மூட வேண்டும். சிக்கனம் என்பது பேச்சுக்குத்தான். இயந்திரம், அச்சு, தராசு என்று வாங்கிய செலவைச் சேர்த்தால் முதல் சில பருவங்களில் கடைத் தோட்டாவே மலிவு. ஹார்லிக்ஸ் பாட்டிலைச் சேர்க்கிறவர்களிடமும் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

குண்டையும் சிலர் வீட்டிலேயே வார்ப்பார்கள். காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு இதற்குச் சொந்தமில்லை, அது வெள்ளீயம். காரீயம் நஞ்சு. காற்றோட்டமும் கை கழுவுதலும் தவறக்கூடாது, சமையல் பாத்திரம் பக்கத்திலேயே வரக்கூடாது. மருந்தளவில் கைமணத்துக்கோ கண்ணளவுக்கோ இடமில்லை. இன்ன உறைக்கு இன்ன கேப், இன்ன மருந்து, இன்ன தக்கை என்று அச்சிட்ட அட்டவணை சொல்லும். அதில் ஒன்றை மாற்றினாலும் அந்தக் கணக்கு செல்லாது. ரசத்தில் உப்பு கூடினால் தண்ணீர் விடலாம். இங்கே குழல் பிளக்கும்.

செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கியில்தான் இந்தக் கலையின் உண்மையான சோதனை. இரட்டைக் குழல் துப்பாக்கி வலுக்குறைந்த தோட்டாவையும் சுடும். திறந்து எடுப்பது மனிதக் கை. செமி ஆட்டோவோ காலி உறையைத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் வேலையைச் சுட்ட தோட்டாவின் வலுவிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஜான் பிரவுனிங் 1900இல் காப்புரிமை பெற்ற ஆட்டோ-5இல் குழலே பின்னுக்கு ஓடி வரும். லேசான தோட்டாவுக்கும் கனத்த தோட்டாவுக்கும் உள்ளே இருக்கும் வளையத்தை இடம் மாற்றி வைக்க வேண்டும். 1963இல் வந்த ரெமிங்டன் 1100 வெடிவாயுவில் கொஞ்சத்தைத் திருடி இயங்கும். தோட்டா வலுக்குறைவாக இருந்தால் இரண்டுமே பாதியில் நின்று, காலி உறையைப் பல்லிடுக்கில் கவ்வியபடி முறைக்கும். முன்பு சுட்டதில் உறையின் உலோக அடி உப்பியிருந்தால் குழலின் தோட்டா அறைக்குள் நுழையாது; அதை இறுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். வாய்மடிப்பு தளர்ந்தாலும் ஏற்றும்போது தகராறு.

எல்லாம் சரியாக நடந்தால் வேறொரு வினை. சரியாக வேலை செய்கிற செமி ஆட்டோ காலி உறையைச் சில கஜம் தள்ளிப் புல்லுக்குள் வீசி எறியும். ஒஹாயோ விதிப்படி மான் வேட்டையில் துப்பாக்கிக்குள் மூன்று தோட்டாவுக்கு மேல் கூடாது, ஆகவே தேடவேண்டியதும் அதிகபட்சம் மூன்றுதான். ஆனாலும் மான் ஓடிப்போன பிறகு, தொம்மலூரிலிருந்து போய் நல்ல சம்பளம் வாங்கும் மென்பொருள்காரர் பனியில் மண்டியிட்டு ஒரு பிளாஸ்டிக் குழாயைத் துழாவும் காட்சியைத் தொம்மலூர் சொக்கநாத சுவாமி மன்னிக்க வேண்டும்.

தோட்டா செய்யும் கருவிகளை ஊருக்குக் கொண்டுவரும் யோசனை சிலருக்கு வரும். குடகில் கொடவர்களுக்குத் துப்பாக்கி லைசென்ஸிலிருந்து 2029 வரை விலக்கு இருக்கிறது, கைல் முகூர்த்தத்தில் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுகிறார்கள் என்பதெல்லாம் உண்மை. அந்த விலக்கு குடகோடு சம்பந்தமில்லாத தொம்மலூர்க்காரருக்குக் கிடையாது. லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பதை 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தடுக்கிறது. அதே சட்டம் தோட்டா வகைக்கு (அம்யூனிஷன்) தரும் விளக்கத்தில் தோட்டாவின் பாகங்களும், அதைச் செய்யும் இயந்திரமும்கூட அடக்கம். ஆக, அந்த இடியாப்ப உரலின் அண்ணன் பெங்களூரு விமான நிலையத்தில் வந்து இறங்கினால், சட்டத்தின் கண்ணுக்கு அதுவே தோட்டா.