ஹார்ட்டின் ராஜாவுக்கு ஐந்து வருட ஆட்சி

'கிங் ஆஃப் ஹார்ட்ஸ்' என்ற பிரெஞ்சுப் படம் அமெரிக்காவில் ஒரே தியேட்டரில் ஐந்து வருடம் ஓடியது என்று போன இதழில் போகிறபோக்கில் எழுதிவிட்டேன். இந்த வாரம் வேறு கேள்வியே வரவில்லை.

கே: புளுகுக்கும் ஓர் அளவு வேண்டாமா?

ப: ஊர்: மாசசூசெட்ஸ் மாநிலத்து கேம்பிரிட்ஜ். தியேட்டர்: சென்ட்ரல் ஸ்கொயர் சினிமா. காலம்: 1970-கள். இந்த அளவு போதுமா?

கே: நம்ம 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்டதே!

ப: கண்டது. ஆனால் 1944-ல் அதற்கு பாகவதரின் குரல் இருந்தது, வந்த நாளிலிருந்தே கூட்டம். இந்தப் படம் 1966-ல் சொந்த நாட்டில் ஈ ஓட்டியது. பிறந்த வீட்டில் சீந்தாத பெண்ணைப் புகுந்த வீட்டில் தலையில் வைத்துக் கொண்டாடிய கதை.

கே: கதைச் சுருக்கம் ப்ளீஸ்.

ப: 1918. முதல் உலகப் போர் முடியும் தறுவாய். பின்வாங்கும் ஜெர்மன் படை, மார்வில் என்ற பிரெஞ்சு ஊரில் வெடிமருந்தை நிரப்பிவிட்டுப் போகிறது. மணிக்கூண்டில் இருக்கும் வீரன் பொம்மை நள்ளிரவு மணி அடித்தால் ஊர் காலி. ஜனங்கள் ஓடிவிடுகிறார்கள். வெடியைச் செயலிழக்க வைக்க ஸ்காட்லாந்துப் படையின் கர்னல் ஓர் ஆளை அனுப்புகிறார். தபால் புறாக்களுக்குத் தீனி போடும் சிப்பாய். அவனுக்கு வெடியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் பிரெஞ்சு தெரியும். (அரசு அலுவலக வாசகர்கள் இங்கே சத்தமாகச் சிரிக்க வேண்டாம்.) எதிரிகள் துரத்த, மனநலக் காப்பகத்துக்குள் புகுந்து, சீட்டாடிக்கொண்டிருப்பவர்களிடம் தன்னை 'ஹார்ட்டின் ராஜா' என்கிறான். அவர்கள் நம்பிவிடுகிறார்கள். பிறகு கதவைத் தாண்டி வெளியே வந்து, காலியான ஊரில் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் பிஷப், ஒருவர் முடிதிருத்துபவர், ஒருவர் பிரபு. ராஜாவுக்குப் பட்டாபிஷேகம். ராஜாவாக ஆலன் பேட்ஸ், அவர் மனதைக் கவரும் பெண்ணாக ஜெனிவீவ் புஜோல்ட். இயக்கம் பிலிப் த ப்ரோக்கா.

கே: க்ளைமாக்ஸைச் சொல்லிவிடாதீர்கள்.

ப: படம் வந்து ஏறக்குறைய அறுபது வருடம். இதற்கு மேல் ரகசியம் காக்க நான் என்ன சுவிஸ் பாங்க்கா? இரண்டு படைகளும் ஊர்ச் சதுக்கத்தில் நேருக்கு நேர் நின்று, ஒருவர் மிச்சமில்லாமல் சுட்டுக்கொண்டு சாகின்றன. பார்த்துக்கொண்டிருந்த காப்பகத்துக்காரர்கள் வேடத்தைக் கழற்றி வீசிவிட்டுத் தாங்களாகவே உள்ளே திரும்பிவிடுகிறார்கள். சிப்பாய்க்குப் பதக்கமும் கொடுத்து அடுத்த வேலையும் கொடுக்கிறார்கள். அவன் நழுவிப்போய், கையில் பறவைக் கூண்டுடன், உடம்பில் பொட்டுத் துணியில்லாமல் காப்பகத்து வாசலில் நிற்கிறான்.

கே: இவ்வளவு பிணம் விழுகிற படம் காமெடியா?

ப: பிளாக் காமெடி. சிரித்துவிட்டு, சிரித்ததற்காக இரண்டு பக்கமும் திரும்பிப் பார்ப்பீர்கள்.

கே: பிரான்சில் ஓடாதது அங்கே மட்டும் ஏன் ஓடியது?

ப: இடம், காலம், முதலாளி. சென்ட்ரல் ஸ்கொயருக்கு ஒரு பக்கம் ஹார்வர்ட், மறுபக்கம் எம்.ஐ.டி. இரண்டிலும் ராணுவ அழைப்பு வரும் வயதுப் பையன்கள். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தபோது, எதற்கென்று தெரியாமல் சுட்டுக்கொண்டு சாகும் சிப்பாய்கள் அவர்களுக்குக் கற்பனையாகத் தெரியவில்லை. 1973-ல் கட்டாய அழைப்பு நின்றது, படம் நிற்கவில்லை.

முதலாளி விஷயத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பெரிய தியேட்டருக்கு வெள்ளிக்கிழமை வந்தால் புதுப்படம் வேண்டும். நன்றாக ஓடுகிற படத்தைக்கூட இடம் காலி செய்யச் சொல்லும். அமெரிக்காவில் புதுப்படத்தின் முதல் வார வசூலில் பெரும்பங்கு விநியோகஸ்தருக்கு. வாரம் ஏற ஏறத் தியேட்டரின் பங்கு கூடும். கேட்பாரற்ற பழைய வெளிநாட்டுப் படமென்றால் வாடகையும் குறைவு. ஆகவே சின்னத் தியேட்டருக்குப் பொறுமையும் ஒரு முதலீடு. வருடா வருடம் கல்லூரிக்குப் புதுப் பிள்ளைகள் வந்தார்கள், பழையவர்கள் அழைத்துப் போனார்கள். போஸ்டர் செலவு மிச்சம். நல்ல ரசனை மட்டும் கரன்ட் பில் கட்டாது. இந்த ஆள் கணக்கும் தெரிந்தவர் என்பது என் ஊகம்.

கே: கூடவே குறும்படங்களும் காட்டினார்களாமே?

ப: இரண்டு கார்ட்டூன்கள். ஒன்று, லென்னி புரூஸின் மேடைப் பேச்சை வைத்துச் செய்த 'தேங்க் யூ மாஸ்க் மேன்'. இன்னொன்று மார்வ் நியூலண்டின் 'பேம்பி மீட்ஸ் காட்ஸில்லா' (1969). மான்குட்டி புல் மேய்கிறது, டைட்டில் ஓடுகிறது, இன்னும் ஓடுகிறது. பிறகு ஒரு பிரம்மாண்டமான கால் வந்து மானை நசுக்குகிறது. முற்றும். காட்ஸில்லாவைப் பிடித்துக் கொடுத்ததற்காக டோக்கியோ நகரத்துக்கு நன்றி வேறு. ஒன்றரை நிமிடத்தில் பிளாக் காமெடிக்கு இதைவிட நல்ல பாடம் எடுக்க முடியாது.

கே: 'உலகம்தான் பைத்தியம், பைத்தியங்கள்தான் தெளிவு' என்பது புளித்த மாவு இல்லையா?

ப: புளித்ததுதான். எனக்கும் அந்த இடத்தில் நாக்கு கூசுகிறது. படத்தில் காப்பகத்துக்காரர்கள் எல்லோரும் அழகாக உடுத்துகிறார்கள், யாருக்கும் எந்த வலியும் இல்லை. உண்மைக் கதை வேறு. இரண்டாம் உலகப் போரின்போது பிரெஞ்சு மனநலக் காப்பகங்களில் 40,000-க்கும் மேற்பட்டவர்கள் பட்டினியாலும் அதன் விளைவுகளாலும் செத்தார்கள். சிற்பி கமீல் க்ளோடெல் 1943-ல் அப்படியொரு காப்பகத்தில்தான் இறந்தார். போர் முடிந்து இருபத்தோரு வருடம் கழித்து, அதே நாட்டில், காப்பகத்தைப் பூந்தோட்டமாகக் காட்டியிருக்கிறார்கள். ராணுவத்தைக் கேலி செய்யும் இடங்களில் படத்துக்குப் பல் இருக்கிறது. காப்பகத்துக்குள் வந்தால் வெறும் ஜவ்வுமிட்டாய்.

கே: படத்தில் ஹிட்லர் வருகிறாராமே?

ப: வருகிறார், வந்த சுருக்கில் போகிறார். நடித்தது இயக்குநரே. மற்றவரை நம்பி ஒப்படைக்கிற வேலையா அது!

கே: ஆப்பரேட்டர் எத்தனை தடவை பார்த்திருப்பார்?

ப: பாவம், ஆப்பரேட்டர் படமா பார்ப்பார்? ஃபிலிம் காலத்தில் ஒவ்வொரு சுருளும் முடியும்போது திரையின் வலது மேல்மூலையில் ஒரு புள்ளி மின்னும். அதைப் பார்த்ததும் அடுத்த புரொஜெக்டரைத் தட்டிவிட வேண்டும். ஆலன் பேட்ஸ் நிர்வாணமாக நின்றாலும் அவர் கண் மூலையில்தான்.

கே: இவ்வளவு புகழ் பெற்ற கதையை மேடை ஏற்றவில்லையா?

ப: ஏற்றினார்கள், 1978-ல், பிராட்வேயில், இசை நாடகமாக. 48 காட்சிகள்.