பன்னிரண்டு நிமிடம்

கேள்வி: 'இஃப் எனிதிங் ஹாப்பன்ஸ் ஐ லவ் யூ' குறும்படத்தைப் பார்ப்பதற்கு முன்பும் பின்பும் தங்கள் முகத்தைப் படம்பிடித்து டிக்டாக்கில் போட்டார்களே பலர், அழுகையைக்கூடக் காட்சிக்கு வைக்கலாமா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அந்தக் கண்ணீரில் கலப்படம் இருந்திருக்கலாம். படத்தில் ஒரு துளிகூட இல்லை. 2020 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்த அமெரிக்க அனிமேஷன் படம் அது. 12 நிமிடம்தான், வசனமும் கிடையாது. மகளைப் பறிகொடுத்த தாயும் தகப்பனும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். வாய் பேசவில்லை, அவர்களுடைய நிழல்கள் எழுந்து நின்று சண்டை போடுகின்றன. துணி துவைக்கப் போகிற அம்மாவின் கையில் மகளுடைய சட்டை அகப்படும் இடத்தில் கல்நெஞ்சும் கரையும். அந்தச் சிறுமி எப்படி இறந்தாள் என்பது பிறகுதான் தெரிகிறது: பள்ளிக்கூடத்தில் நடந்த துப்பாக்கிச் சூடு. படத்தின் தலைப்பு, அவள் பெற்றோருக்குக் கடைசியாக அனுப்பிய குறுஞ்செய்தி.

வில் மெக்கார்மக், மைக்கேல் கோவியர் இருவரும் எழுதி இயக்கினார்கள். 2021இல் சிறந்த அனிமேஷன் குறும்படத்துக்கான ஆஸ்கர் இதற்குத்தான்.

காட்சிக்கு வைத்த கண்ணீரை நான் குறை சொல்ல மாட்டேன். முன்பின் தெரியாத ஒரு வீட்டின் துக்கத்துக்கு அழ முடிகிறவர்கள் நல்லவர்கள். அந்த முகங்களைப் பார்த்துத்தான் இன்னும் பலர் படத்தைத் தேடிப்போனார்கள். விளம்பரம் செய்தாலும் குறும்படத்துக்கு இந்தக் கூட்டம் சேராது. ஆனால் கேமராவை அணைத்துவிட்டு, இன்னொரு முறையும் பாருங்கள். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் தனியே பார்க்கவிடாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள்.