ஏழு சீட்டர் மாமா

கொங்குநாட்டில் வீட்டுக்கு ஒரு மாமா இருப்பார். அந்த மாமாவிடம் ஒரு பெரிய டீசல் வண்டி இருக்கும். இரண்டில் எது முதலில் குடும்பத்துக்கு வந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. திருப்பூரில் பனியன் கம்பெனி, பல்லடத்தில் கோழிப்பண்ணை, பொள்ளாச்சியில் தென்னந்தோப்பு என்று ஏதோ ஒன்று அந்த வண்டிக்கு டீசல் போட்டுக்கொண்டிருக்கும். பெரும்பாலும் ஃபார்ச்சூனர்தான். நிறம் வெள்ளை. வேறு நிறத்தில் வாங்கினால் கல்யாண மண்டபத்து வாசலில் செக்யூரிட்டி விசில் ஊதி ஓரமாக நிறுத்தச் சொல்லிவிடுவார் என்பது மாமாவின் பயம்.

வண்டியின் நீள அகலம் மாமாவுக்கு மனப்பாடம். பிள்ளைகள் என்ன வகுப்பு என்று கேட்டால் அத்தையைத் திரும்பிப் பார்ப்பவர், எஞ்சின் எத்தனை சிசி என்றால் தூக்கத்திலும் 2755 என்பார். வரியைப் பற்றியும் பேசுவார். நாலு மீட்டருக்கு மேல் நீளம், 1500 சிசிக்கு மேல் எஞ்சின், தரையிலிருந்து 170 மில்லிமீட்டர் இடைவெளி, இந்த மூன்றும் சேர்ந்தால் முன்பு வரியும் செஸ்ஸும் சேர்த்து 50 விழுக்காடு. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 ஆகிவிட்டது. குறைந்ததில் மாமாவுக்கு மகிழ்ச்சியே இல்லை. தான் கட்டியது பழைய கணக்கு என்பதைக் கல்யாண வீட்டில் முதல் மொய் எழுதியவர் போலச் சொல்லிக்கொள்வார். அரசாங்கத்துக்குத் தனியாக வரி கட்டி வாங்கிய அந்தத் தரை இடைவெளி உடுமலை பஸ் ஸ்டாண்டு வேகத்தடையில் மட்டும் பயன்படுகிறது.

எதற்கு இவ்வளவு பெரிய வண்டி என்று கேட்டால் மாமாவிடம் மூன்று காரணங்கள் தயாராக இருக்கும். ஒன்று, குடும்பம் மொத்தமும் ஒரே வண்டியில் போகலாம். இரண்டு, எந்தக் காட்டிலும் ஏறும். மூன்று, எதைக் கட்டினாலும் இழுக்கும். மூன்றையும் ஒரே நாளில் சோதித்துப் பார்க்க ஓர் ஊர் உண்டு. அதுதான் காந்தலூர்.

உடுமலையிலிருந்து ஒன்பதாறு செக்போஸ்ட், சின்னார், மறையூர் என்று போய், கோவில்கடவு தாண்டி ஏறினால் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இடுக்கி மாவட்டம், கேரளா. ஆனால் அஞ்சுநாடு என்னும் இந்தப் பகுதியின் ஊர்களில் வீட்டுக்குள் பேசுவது தமிழ். மலையின் மழைமறைவுப் பக்கம் என்பதால் கேரளாவின் மற்ற ஊர்களில் பெரும்பாலும் வராத ஆப்பிளும் பிளம்ஸும் இங்கே காய்க்கும். பூண்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. 2023இல் ஒன்றிய சுற்றுலா அமைச்சகம் சிறந்த சுற்றுலா கிராமம் என்று தங்க விருது கொடுத்தது. அன்றிலிருந்து சனிக்கிழமை காலைகளில் மறையூர் சாலையில் வெள்ளை வண்டிகள் வரிசை கட்டுகின்றன.

முதல் காரணம் கிளம்பும்போதே இடிக்கும். ஏழு பேர் உட்கார ஏழு சீட்டையும் விரித்தால், பின்கதவுக்கும் கடைசி சீட்டுக்கும் நடுவில் ஒரு முறுக்கு டின் வைக்கலாம். பைகளை வைக்க முடியாது. ஆகவே பைகளையும் ஐஸ் பெட்டியையும் புளியோதரைத் தூக்கையும் ஏற்றிக்கொண்டு மச்சானுடைய சின்ன கார் பின்னாலேயே வரும். ஒரே வண்டியில் போவதற்காக வாங்கிய வண்டிக்குத் துணைக்கு ஒரு வண்டி.

கடைசி வரிசையில் யார் உட்காருவது என்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. உடல் எடையை யாரும் பார்ப்பதில்லை. வீட்டில் யாருடைய சொல்லுக்கு எடை குறைவோ அவர்கள் பின்னால் போக வேண்டும். புதிதாக வந்த மருமகன், பத்தாம் வகுப்பில் மார்க் குறைந்த பையன் போன்றவர்கள். சின்னார் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் அங்கிருந்து ஒரு முனகல் வரும். எலுமிச்சம்பழம் கைமாறிக் கைமாறிப் பின்னால் போகும். "ஏசி போட்டுத்தானே இருக்குது, அப்புறம் என்ன?" என்பார் மாமா, திரும்பிப் பார்க்காமல். அதே ஏசியை உடுமலை பங்க்கில் மட்டும் அணைத்திருப்பார். கேரளாவில் டீசல் விலை கூட என்பதால், 80 லிட்டர் டேங்க்கில் நுரை அடங்கும்வரை காத்திருந்து, மறுபடி ஒரு சொட்டு ஊற்றச் சொல்லி நிரப்பியிருப்பார்.

சின்னார் காட்டில் யானை குறுக்கே நின்றால் மாமாவின் வண்டிக்கும் பால்காரர் மொபெட்டுக்கும் ஒரே சட்டம். இரண்டும் நிற்கும். மாமா கொஞ்சம் அதிக தூரத்தில் நிற்பார்.

இரண்டாம் காரணத்துக்குக் காந்தலூர் போய்ச் சேர வேண்டும். அதற்கு முன்னால் குடும்ப ரகசியம் ஒன்று. இந்த வகை வண்டியில் பின்சக்கரம் இரண்டு மட்டும் ஓடும் மாடல் உண்டு. நாலு சக்கரமும் ஓடும் மாடல் உண்டு, அதற்கு விலை கூட. மாமா எதை வாங்கினார் என்பது மாமாவுக்கும் ஷோரூமுக்கும் மட்டும் தெரியும். அத்தையிடம் நாலும் ஓடும் என்று சொல்லியிருக்கிறார். அத்தையும் நாலும் சுற்றுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்.

தங்கும் விடுதி வாசலில் ஒட்டமலைக்கு ஏற்றிப் போகும் ஜீப்புகள் நிற்கும். டிரைவர் தம்பி ஒருவர் பானட்டில் சாய்ந்தபடி வண்டியைச் சுற்றிலும் பார்ப்பார்.

"ஏனுங்க தம்பி, ஒட்டமலைக்கு நம்ம வண்டி ஏறுமுங்களா?"

"ஏறும் சாரே. வண்டி மேல போயிரும். பெயின்ட்தான் பாதி வழியிலயே நின்னுரும்."

மாமா யோசிப்பார். 1,855 மில்லிமீட்டர் அகலம். வழியின் இரண்டு பக்கமும் உண்ணிமுள். மனதுக்குள் கழித்துப் பார்ப்பார், மிச்சம் வராது. கடைசியில் கீழே நிற்கும் வெள்ளை வண்டியைப் பரிவோடு பார்த்து, "பாவம், இவ்வளவு தூரம் ஓடி வந்திருக்குது. ரெஸ்ட் எடுக்கட்டும்" என்பார். திருப்பூரிலிருந்து காலை டிபனுக்கு அப்புறம் கிளம்பிய வண்டி அது.

மகிந்திரா 1947இல் வில்லீஸ் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கியது. அந்த வம்சத்தின் பேரன் பேத்திகள்தான் இந்த மலைகளில் இன்னும் ஓடுகின்றன. ரெக்சின் கூரை, எதிரெதிர் பெஞ்சு, கயிறு போட்டுக் கட்டிய கதவு. உடம்பெல்லாம் கீறல், எது எந்த வருஷத்துக் கீறல் என்று டிரைவருக்கே தெரியாது. அந்த ஜீப் ஏறுவதற்கு எஞ்சின் பாதிக் காரணம். கீறல் விழுந்தால் அழ ஆளில்லை என்பது மீதி. மாமாவின் வண்டியோ விலை ஏற ஏறக் காட்டுக்குத் தோதாகிக்கொண்டே போகிறது, அதே விலையால் காட்டுக்குப் போக முடியாமலும் போகிறது.

வேடிக்கை என்னவென்றால், குடும்பம் முழுக்க ஒரே வண்டியில் உட்காருவது அந்த ஜீப்பில்தான். சாமான் வண்டியில் வந்த மச்சானும் இதில் அடக்கம். கடைசி வரிசைப் பையனும் மருமகனும் இங்கே பெஞ்சின் நடுவில். முனகல் இல்லை, ஒரே கூச்சல். மாமா முன்சீட்டில் உட்கார்ந்து, "லோ போடுங்க தம்பி", "கிளட்சை விடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே வருவார். தம்பி எல்லாவற்றுக்கும் "சரி சாரே" என்றுவிட்டுத் தன் போக்கில் ஓட்டுவார்.

மூன்றாம் காரணம் இழுவை. இதற்கு வெளிநாட்டுச் சாட்சி வேறு வைத்திருப்பார். அமெரிக்காவில் 1935லேயே ஷெவர்லே கம்பெனி சபர்பன் என்று எட்டுப் பேர் வண்டி விட்டது. அங்கே குடும்பத்தை உள்ளே ஏற்றிப் படகைப் பின்னால் கட்டிக்கொண்டு ஏரிக்குப் போவார்கள். ஆஸ்திரேலியாவில் மாமாவிடம் இருக்கும் இதே வண்டி மூன்று டன் வரை இழுக்கலாம், படுக்கையறையோடு கூடிய வண்டியைக் கட்டி இழுத்து ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள். மாமாவும் கோயம்புத்தூரில் ஒரு கடையில் பின்னால் கொக்கி மாட்டினார். முன்னால் மாட்டியிருந்த இரும்புக் கம்பிச் சட்டத்தை 2017 டிசம்பரில் ஒன்றிய அரசு கூடாது என்று சொன்ன பிறகு, அபராதத்துக்குப் பயந்து கழற்றினார். கொக்கி மட்டும் நின்றது. அது இதுவரை எதையும் இழுத்ததில்லை. டிக்கியில் பை எடுக்கப் போன உறவினர்களில் முழங்காலுக்குக் கீழே அதை அறியாதவர் எவருமில்லை.

மலை இறங்கும்போது மாமா ஜீப்பைப் பற்றி விசாரிப்பார். பூண்டு மூட்டை, தண்ணீர் மோட்டார், சேற்றில் மாட்டிய பிக்கப், மலைக்குடியிருப்பிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இறங்கும் நோயாளி என எல்லாம் இதில்தான் என்பார் தம்பி.

"எத்தனை டன் இழுக்குமுங்க?"

"அது தெரியாது சாரே. இதுவரைக்கும் மாட்டுனதெல்லாம் பின்னாடியே வந்திருக்கு."

அந்தப் பதில் மாமாவின் தூக்கத்தைக் கெடுத்துவிடும். காலையில் வெல்லமும் பூண்டும் வாங்கும் இடத்தில் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, ஜீப்பை விற்பீர்களா என்று கேட்பார். "வித்துட்டுச் சோத்துக்கு என்ன பண்றது சாரே?" என்று சிரித்துவிடுவார் தம்பி.

மாமா விடமாட்டார். ஊர் திரும்பியதும் எங்கோ ஒரு பழைய ஜீப்பைப் பிடித்து, மறுபதிவு செய்து, தகரம் தட்டி, ராணுவப் பச்சை அடித்து, புது ரெக்சின் தைத்து, வெள்ளை வண்டிக்குப் பக்கத்தில் உறை போட்டு நிறுத்துவார். வருகிறவர்களுக்கு உறையை விலக்கிக் காட்டுவார். ஓட்டினால் தூசி படும் என்பதால் ஓட்டமாட்டார். ஓடாத வண்டியில் பேட்டரி இறங்கும். ஒருநாள் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று மட்டும் கேட்கும்.

அன்றைக்குத்தான் கொக்கிக்கு வேலை வரும். தெருவே வேடிக்கை பார்க்க, வெள்ளை வண்டி பச்சை ஜீப்பைக் கட்டி மெக்கானிக் பட்டறைக்கு இழுத்துப் போகும். எதைக் கட்டினாலும் இழுக்கும் என்று தான் அன்றே சொன்னதாக மாமா வழியெல்லாம் போன் போட்டுச் சொல்வார்.

திரும்பி வந்ததும் திண்ணையிலிருந்து அத்தை கேட்பார்: "அப்ப அடுத்த தடவ காந்தலூருக்கு நம்ம ஜீப்பிலயே போயிரலாமுங்களா?"

"அந்த முள்ளுக்குள்ளயா?" என்று மாமா பதறிவிடுவார். "இப்பத்தான் பெயின்ட் அடிச்சிருக்குது. அங்க போனா ஜீப் கிடைக்காமயா போயிரும்?"